பணியா, பனியா? சின்ன டேப்லெட்டின் திரைத் தெளிவு, முதல்முறை வாங்குவோருக்கு

நகரியில் எங்கள் கடை இருக்கும் தெருவில் காலை ஏழு மணிக்கெல்லாம் விசைத்தறிச் சத்தம் தொடங்கிவிடும். திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் இது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ரசீதில் ஆங்கிலம் என்று மூன்றும் கலந்து ஓடும். இங்கே செல்போனும் டேப்லெட்டும் விற்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை.

போன மாதம் பக்கத்துத் தெரு ஆயா பேரனோடு கடைக்கு வந்தார். கையில் 8.7 அங்குல டேப்லெட். மகன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியது, வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய மாத இதழின் பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

“ஏன் நைனா, இது பணியா, பனியா? எனக்குக் கண்ணு போச்சா, இல்ல இந்த டப்பாவே இப்படித்தானா?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கருப்புத் திட்டாகக் கிடந்தன. முன்னும் பின்னும் படித்த பிறகுதான் ‘பணி’ என்று புரிந்தது.

பேரன் விடவில்லை. “நல்லாத்தான் இருக்கு ஆயா. நான் தினம் வீடியோ பாக்கறேனே.”

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதே திரை பேரனுக்குப் போதும், ஆயாவுக்குப் போதாது. “இந்தச் சின்ன டேப்லெட்டோட திரை தெளிவா இருக்குமா?” என்று வாரத்தில் நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. என்ன பார்க்கப் போகிறீர்கள், எந்த எழுத்தைப் படிக்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

புள்ளி என்பது என்ன

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். மயில்கழுத்து நிறச் சேலையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாவு நீலம், ஊடை பச்சை. பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் நீல இழையும் பச்சை இழையும் தனித்தனியாகத் தெரியும். இரண்டடி தள்ளிப் பிடித்தால் இரண்டும் கலந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு மூன்றாவது நிறம் வந்துவிடும். துணியில் அந்த நிறத்தில் ஓர் இழைகூடக் கிடையாது. கலப்பது நம் கண்.

டேப்லெட் திரையும் அப்படித்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய கோடுகள் சேர்ந்தது ஒரு புள்ளி. அதைத்தான் பிக்சல் என்கிறோம். மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் வெள்ளை, மூன்றும் அணைந்தால் கருப்பு, சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள்.

துணியில் இழை எண்ணுவதற்கு ஒரு சின்ன மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஓர் அங்குலச் சதுரத் திறப்பு, அதற்கு மேல் ஒரு லென்ஸ். அதை அன்று ஆயா வீட்டிலிருந்தே வாங்கி வரச்சொல்லி, டேப்லெட்டின் வெள்ளைப் பக்கத்தின் மேல் வைத்தேன். வெள்ளை காணாமல் போனது. சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் வரிசை வரிசையாக, பாவு ஓட்டியது மாதிரி நின்றன. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த ஆயா குனிந்து பார்த்துவிட்டு, “மூணு கலர் நூலு” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் அந்தக் கண்ணாடி இல்லையென்றால் விரல் நுனியால் ஒரே ஒரு சின்னத் துளித் தண்ணீரைத் திரையின் வெள்ளைப் பகுதியில் வையுங்கள். துளியே லென்ஸாக வேலை செய்யும், நிறங்கள் தெரியும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள். சார்ஜர் துளைப் பக்கம் தண்ணீர் ஓடவிடாதீர்கள்.

ஓர் அங்குலத்தில் எத்தனை

துணியின் நெருக்கத்தைச் சொல்ல, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுகிறோம். திரைக்கும் அதே அளவுகோல்தான்: ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளி. இதை பிபிஐ என்று எழுதுவார்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் இந்த எண் பெரிதாக இருக்காது. 1340 × 800 என்று மொத்தப் புள்ளிக் கணக்கும், 8.7 அங்குலம் என்று குறுக்களவும் மட்டும் இருக்கும். இரண்டையும் வைத்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1340-ஐ 1340-ஆல் பெருக்கினால் 17,95,600. 800-ஐ 800-ஆல் பெருக்கினால் 6,40,000. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1,561. மூலைக்கு மூலை அத்தனை புள்ளிகள். குறுக்களவு 8.7 அங்குலம் என்பதால், 1,561-ஐ 8.7-ஆல் வகுத்தால் 179. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான், போனில் இருக்கும் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 8.7 இரண்டுமே இந்த 179-தான். 1280 × 800 புள்ளிகளை 8 அங்குலத் திரையில் பரப்பினால் 189 வரும், அதே புள்ளிகளை 10.1 அங்குலத்தில் பரப்பினால் 149 ஆகிவிடும். பெரிய திரை என்றால் தெளிவும் கூடுதலாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதே நூலை அகலமான துணியில் பரப்பினால் நெசவு நெருக்கமாகுமா? கலைந்துதான் போகும். இன்னொரு பக்கம், 8.3 அங்குல ஐபேட் மினியில் 2266 × 1488 புள்ளிகள். கணக்குப் போட்டால் 326.

179-க்கும் 326-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் புள்ளி நீளத்திலும் கூடுகிறது, அகலத்திலும் கூடுகிறது. ஆயாவின் மடக்குக் கண்ணாடிச் சதுரத்துக்குள் முதல் திரையில் சுமார் 32,000 புள்ளிகள் அடங்கும், இரண்டாவதில் 1,06,000-க்கும் மேல். மூன்று மடங்குக்கும் அதிகம்.

வாங்க வருபவர்களுக்குக் குழப்பம் தரும் இன்னொன்று: அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் சாதாரண போன் இந்த டேப்லெட்டைவிடத் தெளிவாக இருக்கும். 6.5 அங்குலத்தில் 1600 × 720 புள்ளிகள் உள்ள போன் 270 பிபிஐ. “போனைவிட விலை கூட, ஆனா எழுத்து அதைவிட மங்கலா இருக்கே அண்ணா” என்று கேட்பவர்கள் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை.

தூரம்

மயில்கழுத்துச் சேலையை எவ்வளவு தள்ளிப் பிடித்தால் இழைகள் கலந்துவிடும்? அது உங்கள் கண்ணின் கூர்மையையும் இழையின் பருமனையும் பொறுத்தது. கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தருகிற பார்வை இருக்கிறதே, அந்தக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குச் சின்ன இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியும். கணக்காக மாற்றினால், பார்க்கும் தூரத்தில் 3,438-இல் ஒரு பங்கு. ஓரடி தூரத்தில் அது 0.09 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்.

ஆகவே 3,438-ஐ நீங்கள் திரையைப் பிடிக்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணுக்கு மேல் பிபிஐ இருந்தால் புள்ளிகள் உங்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 10 அங்குலத்தில் பிடித்தால் 344 வேண்டும். 12 அங்குலத்துக்கு 286, 16 அங்குலத்துக்கு 215, 20 அங்குலத்துக்கு 172. இது ஒரே வெட்டாக மாறுகிற எல்லை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும், இளம் வயதில் பலருக்கு 6/6-ஐ விடவும் கூர்மையான பார்வை இருக்கும். ஆனாலும் வாங்குவதற்கு இந்தக் கணக்கு போதும்.

2010-இல் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். பத்துப் பன்னிரண்டு அங்குலத்தில் பிடித்துப் பார்க்கும் பொருளுக்கு 300 பிபிஐ சுற்று வட்டாரத்தில் எல்லை இருக்கிறது என்றார். அந்த போன் 326. ‘ரெட்டினா’ என்ற பெயர் அங்கேதான் தொடங்கியது. அந்த 300 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, கூடவே இருந்த பத்துப் பன்னிரண்டு அங்குலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இப்போது ஆயா வீட்டுக்கு வருவோம். பேரன் டேப்லெட்டைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, தட்டோடு எதிரில் உட்கார்ந்துகொள்வான். கண்ணுக்கும் திரைக்கும் இருபது அங்குலத்துக்குக் குறையாது. அந்தத் தூரத்துக்கு 172 போதும், அவனிடம் 179 இருக்கிறது. போதாததற்கு அவன் பார்ப்பது ஓடுகிற படம். ஓடும் படத்தில் ஓரங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆயாவோ கண்ணாடி போட்டுக்கொண்டு பதினான்கு அங்குலத்தில் பிடிக்கிறார். அதற்கு 246 வேண்டும்.

2012-இல் நடந்தது

இந்த விவாதம் புதிதும் இல்லை. 2012 அக்டோபரில் முதல் ஐபேட் மினி வந்தபோது உலகம் முழுக்க இதே கேள்விதான். 7.9 அங்குலத்தில் 1024 × 768, அதாவது 163 பிபிஐ. அதே வருடம் மார்ச்சில் வந்திருந்த பெரிய ஐபேடில் 264 இருந்தது. விலை குறைந்த நெக்சஸ் 7-இல்கூட 1280 × 800, 216 பிபிஐ. அதிக விலை கொடுத்து மங்கலான திரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள்.

வாங்கினார்கள். விற்பனை தொடங்கிய முதல் மூன்று நாளில் ஐபேட் மினியும் நான்காம் தலைமுறை ஐபேடும் சேர்ந்து 30 லட்சம் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. எடை குறைவு, ஒரு கையில் பிடிக்கலாம், ஐபேட் 2-இன் அதே புள்ளிக் கணக்கு என்பதால் இருந்த செயலிகள் எல்லாம் மாற்றமில்லாமல் ஓடின. 9.7 அங்குலத்தில் 132 பிபிஐ இருந்த முதல் இரண்டு ஐபேடுகளுக்குப் பழகியவர்களுக்கு 163 முன்னேற்றமாகவே தெரிந்திருக்கும். ஆனால் குறை சொன்னவர்கள் சொன்னதும் தப்பில்லை. அடுத்த வருடமே, 2013 நவம்பரில், ஆப்பிள் அதை 2048 × 1536 ஆக்கி 326-க்குக் கொண்டுபோனது.

ஏன் முதலிலேயே அப்படிச் செய்யவில்லை? புள்ளி கூடினால் திரையின் விலை கூடும். புள்ளிகள் சிறுத்து நெருங்கும்போது அவற்றின் வழியே பின்விளக்கின் வெளிச்சம் வெளிவரும் வழியும் குறுகும், அதற்கு ஈடாக விளக்கைப் பிரகாசமாக எரிக்க வேண்டும். படத்தை வரையும் சிப்புக்கும் வேலை கூடும். ஐபேட் 2-இன் பேட்டரி 25 வாட்-மணி. அதே அளவுத் திரையில் புள்ளிகளை நான்கு மடங்காக்கிய மூன்றாம் ஐபேடுக்கு 42.5 வாட்-மணி பேட்டரி வைக்க வேண்டி வந்தது, பருமனும் எடையும் கூடின. இன்றைக்கும் விலை குறைந்த சின்ன டேப்லெட்டுகள் 1340 × 800-இலேயே நிற்பதற்கு முதல் காரணம் விலைதான். நம் நாட்டில் 2011-இல் மாணவர்களுக்காக வந்த ஆகாஷ் டேப்லெட் 7 அங்குலத்தில் 800 × 480, அதாவது 133 பிபிஐ. அங்கிருந்து பார்த்தால் 179 எவ்வளவோ மேல்.

நம் எழுத்துக்கு ஏன் கூடுதலாக வேண்டும்

திரையின் தெளிவைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்படுகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆங்கில எழுத்துகளில் பாதி நேர்க்கோடுகள், எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்துப் படித்துவிடலாம். நமக்கு அப்படியா? மூன்று சுழி ண-வுக்கும் இரண்டு சுழி ன-வுக்கும் நடுவே ஒரே ஒரு சுழி. அந்தச் சுழி போனால் பணி பனியாகிவிடும். கொம்பின் நுனியில் இன்னொரு சுழி இருந்தால் ‘கோடு’, இல்லையென்றால் ‘கொடு’. மேலே ஒரு புள்ளி இருந்தால் ‘கல்’, இல்லையென்றால் ‘கல’. இகரத்தின் வளைவு கொஞ்சம் சுருண்டால் ஈகாரம். பொருளையே மாற்றுகிற அடையாளங்கள் எல்லாம் எழுத்திலேயே மிகச் சிறிய உறுப்புகளில் இருக்கின்றன.

தெலுங்கு இன்னும் நுணுக்கம். ‘தயை’யில் வரும் எழுத்துக்கும் ‘தனம்’ என்பதில் வரும் அழுத்தமான எழுத்துக்கும் அடியில் இடுகிற ஒரு குட்டிக் கோடுதான் வித்தியாசம். ‘அம்மா’ என்று எழுத இரண்டாவது ம, முதல் ம-வின் காலடியில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் தெலுங்கு எழுத்தைப் பழகுவதே மங்கலான திரையில் என்றால், எதைக் கோடு என்று பார்ப்பார்கள், எதைத் தூசு என்று விடுவார்கள்?

ஆயாவின் பிடிஎஃப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எண்களில் பார்க்கலாம். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 8.7 அங்குல டேப்லெட்டை நிறுத்திப் பிடித்தால் திரையின் அகலம் 800 புள்ளி, சுமார் 11.3 சென்டிமீட்டர். அதாவது முழுப் பக்கமும் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கித்தான் திரையில் அடங்கும். தாளில் 10 பாயிண்ட்டில் அச்சான எழுத்து திரையில் 5.4 பாயிண்ட் ஆகிவிடும். மருந்து அட்டையின் பின்னால் இருக்குமே, அந்த அளவு. அந்த எழுத்துக்கு மேலிருந்து கீழாகக் கொம்பு, கால் எல்லாம் சேர்த்துக் கிடைக்கும் மொத்த இடம் 13 புள்ளி. ண-வின் உடம்புக்கு மட்டும் என்றால் ஏழெட்டுப் புள்ளி உயரம். ஒரு சுழி சுழியாகத் தெரிய, ஒரு கோடு, நடுவில் ஒரு வெற்றிடம், மறுபடி ஒரு கோடு வேண்டும். அதை மூன்று முறை இந்த இடத்துக்குள் அடைக்க வேண்டும். இடம் பற்றாதபோது டேப்லெட் பாதி கருப்பு, கால் கருப்பு என்று சாம்பல் நிறப் புள்ளிகளால் ஓரத்தை மெழுகிவிடும். படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியாமல் இருக்கத்தான் அந்த வேலை. ஆனால் சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளையும் சாம்பலாகிவிடுகிறது. ஆயா விரல் வைத்துக் காட்டிய திட்டு அதுதான்.

அன்று நான் செய்தது ஒன்றே ஒன்று. டேப்லெட்டைப் படுக்கவைத்தேன். அகலம் 1340 புள்ளியானது, பக்கம் தாளின் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு வந்தது, 13 புள்ளி இடம் 22 ஆனது. சுழிகள் பிரிந்தன. ஒரு நேரத்தில் அரைப் பக்கம்கூடத் தெரியாது, விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆனால் பக்கவாட்டில் இழுக்க வேண்டியதில்லை, மேலிருந்து கீழே மட்டும்தான். “இப்பத் தெரியுது” என்று ஆயா மூன்று வரி சத்தமாகவே படித்துக் காட்டினார்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளர்ந்து, கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர்கள் கையை நீட்டித்தான் பிடிப்பார்கள். அந்தத் தூரத்தில் புள்ளி நெருக்கம் அவ்வளவு முக்கியமில்லை, எழுத்தின் அளவுதான் முக்கியம். அமைப்புகளில் எழுத்தின் அளவை இரண்டு படி ஏற்றினால் செய்தி, வாட்ஸ்அப், இணையப் பக்கம் எல்லாம் 179-இலேயே வசதியாகப் படிக்கலாம். பிடிஎஃப் மட்டும் இந்த அமைப்புக்குக் கட்டுப்படாது, ஏனென்றால் அது பக்கத்தின் அச்சுப் பதிப்பு மாதிரி, எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். பிள்ளைகள் இதற்கு நேர் எதிர். எட்டு, பத்து அங்குலத்துக்கே முகத்தைக் கொண்டுபோவார்கள். அதிகத் தெளிவு தேவைப்படுவது அவர்களுக்குத்தான், ஆனால் அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்கும் தூரத்தைப் பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவது எப்படி

சில வருடங்களுக்கு முன் நானே ஆன்லைனில் ஏமாந்தேன். ‘ஃபுல் ஹெச்டி வீடியோ’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வந்த 7 அங்குல டேப்லெட்டின் திரை 1024 × 600. ஃபுல் ஹெச்டி படக் கோப்பை அது ஓட்டும் என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள், திரை அந்த அளவில் இருக்கிறது என்பது அல்ல. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ‘சப்போர்ட்’ என்ற சொல்லைப் பார்த்தாலே அதற்குப் பக்கத்தில் திரையின் புள்ளிக் கணக்கு தனியாக இருக்கிறதா என்று தேடுவேன். ‘ஹெச்டி பிளஸ்’ என்பதற்கும் ஒரே அளவு கிடையாது. போனில் 1600 × 720 என்றால் டேப்லெட்டில் 1340 × 800.

படம் பார்க்க வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சில கட்டணப் படச் செயலிகள், டேப்லெட்டில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருந்தால்தான் உயர்ந்த தரத்தில் படத்தை அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் 480 வரித் தரத்தோடு நிறுத்திவிடும். திரை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் வருகிற படமே மங்கல். கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். தெரியாது என்றால், பிளே ஸ்டோரில் இந்தச் சான்றின் விவரத்தை (டிஆர்எம் தகவல்) காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, டெமோ டேப்லெட்டில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. பிள்ளை வீடியோ பார்க்க, வகுப்பு கேட்க, வெளியூரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச என்றால் 8.7 அங்குலத்தில் 179 தாராளம், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். மிச்சப் பணத்தை நினைவகத்திலும் சேமிப்பிடத்திலும் போடுங்கள், அது அதிக நாள் உழைக்கும். தமிழோ தெலுங்கோ தினமும் ஒரு மணி நேரமாவது படிக்கிறவர் என்றால் 210-க்குக் குறைய வேண்டாம். 11 அங்குலத்தில் 1920 × 1200 உள்ளவை 206 வரும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், பக்கமும் பெரிதாகத் தெரியும். முழுப் பக்கப் பாடநூல் பிடிஎஃப், பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிரதி, அதுவும் சின்னத் திரையில்தான் என்றால் 300-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அதற்கான விலையும் கொடுத்தாக வேண்டும். 10.1 அங்குலத்தில் 1280 × 800 உள்ளதைப் படிப்பதற்கென்று வாங்க வேண்டாம். நான் என் கடையில் அதைப் படிக்கிற யாருக்கும் கொடுப்பதில்லை. 350-க்கு மேல் எவ்வளவு எண் சொன்னாலும் கையில் பிடித்துப் படிக்கும் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியப்போவதில்லை.

ஸ்கேன் செய்தவர் அவசரமாகச் செய்திருந்தால் எந்தத் திரையும் அதைச் சரிசெய்யாது. அதனால் டேப்லெட்டைக் குறை சொல்வதற்கு முன் அதே பக்கத்தை விரல்களால் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கும்போது சுழிகள் பிரிந்தால் குறை திரையில், பெரிதாக்கியும் திட்டாகவே இருந்தால் குறை கோப்பில்.

கடையில் சோதிக்க நான் ஒரு பக்கம் தயாராக வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், மெய்ப்புள்ளி எல்லாம் அந்த ஒரு பெயரிலேயே வந்துவிடும். அதற்குக் கீழே பணி, பனி, கொடு, கோடு, கல், கல என்று ஒரு வரி, அதற்கும் கீழே தெலுங்கில் இரண்டு வரி, எல்லாம் 10 பாயிண்ட்டில், ஏ4 அளவு பிடிஎஃப்பாக. நீங்களும் இப்படி ஒன்றைச் செய்து போனில் வைத்துக்கொள்ளலாம். டெமோ டேப்லெட்டில் கடைக்காரர் போட்டுக்காட்டும் கிளியும் அருவியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, உங்கள் பிடிஎஃப்பை ப்ளூடூத்தில் அனுப்பித் திறந்து, நிறுத்தி ஒரு முறை, படுக்கவைத்து ஒரு முறை பாருங்கள். படிக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போய், அவர் வீட்டில் போடும் கண்ணாடியோடு, வீட்டில் பிடிக்கும் தூரத்திலேயே பிடிக்கச் சொல்லிப் படிக்க வையுங்கள்.